இஞ்சின் அய்யாவுக்கு ஒரு பங்காளி

உல்ரிக்கே அம்மாள் மண்டியிட்டு எங்கள் தாத்தாவின் சமாதியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

மாசி மாதத்து வெயில். சம்பா அறுத்த வயலில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. வரப்பில் நான், எனக்குப் பக்கத்தில் என் அண்ணன் செல்வராசு, அவருக்குப் பின்னால் தூக்குவாளியில் மோரோடு வசந்தா அண்ணி. மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். தாத்தா முன்னால் செருப்போடு நிற்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

உல்ரிக்கே நீளம் அளந்தார். அகலம் அளந்தார். சமாதியின் நான்கு மூலையிலும் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டுகளில் ஒன்றைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியை மெல்ல விலக்கினார். குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தண்டை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு தடவை உச்சுக்கொட்டினார்.

"பாத்தியா பாப்பா, அளக்குறாங்க" என்றார் அண்ணன் என் காதருகில். "நான் அப்பவே சொன்னேன்ல? சர்வே பண்ணத்தான் வந்திருக்காங்க."

எனக்கு அறுபத்தாறு வயது. அண்ணனுக்கு இன்னும் நான் பாப்பாதான்.

முதலில் ஒரு திருத்தம்

போன வாரம் இந்தத் தொடரில், அண்ணன் போர்செட் மோட்டாரைத் தானே பிரித்துத் தானே மாட்டிய கதையை எழுதியிருந்தேன். மாட்டி முடித்தபோது மூன்று திருகாணி கையில் மிச்சம் இருந்ததையும், "அதெல்லாம் கம்பெனிக்காரன் தாராளமா போட்டது" என்று அவர் சொன்னதையும் எழுதியிருந்தேன். அண்ணன் நான்கு நாள் என் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்து, "மூணு இல்ல, ரெண்டு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

எனவே, மிச்சமிருந்த திருகாணிகள் இரண்டு. வாசகர்கள் திருத்திக்கொள்ளவும்.

அண்ணன் கண்ணில் பட்ட இயந்திரத்தையெல்லாம் பிரித்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. அவர் உடம்பில் ஓடுவது ஜெர்மன் ரத்தம். ஒரே தாய் தகப்பன் என்பதால் என் உடம்பிலும் அதுதான் ஓடுகிறது. ஆனால் நான் மிக்ஸி கெட்டுப்போனால் கடையில் கொடுத்துவிடுவேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பாவைப் பெற்றவர் ஜெர்மன்காரர். பெயர் யோஹன். தொழில், இஞ்சின் ஃபிட்டர். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் அவரை யாரும் துரை என்று கூப்பிட்டதில்லையாம். சட்டையில் எந்நேரமும் எண்ணெய்க் கறை இருந்த மனிதரைத் துரை என்று கூப்பிட வாய் வரவில்லை. இஞ்சின் அய்யா என்றார்கள்.

எங்களைப் பார்த்து இதை நம்புவது கஷ்டம். காவிரிக்கரை வண்டல் நிறத்தில்தான் இருக்கிறோம். அண்ணன் மட்டும் கண்ணாடி முன்னால் நின்று, பக்கவாட்டில் திரும்பி, "இந்த மூக்கு இந்த ஊர் மூக்கு இல்ல" என்பார். "அது உங்க அம்மா மூக்குங்க" என்று அண்ணி அடுப்படியிலிருந்தே பதில் சொல்லிவிடுவார்.

மூன்று மாதம் என்று வந்தவர்

தாத்தா இங்கே குடியேற வரவில்லை. ஊருக்கு முதன்முதலாக ஒரு ரைஸ் மில் வந்தது. மில்லுக்கு எண்ணெய் இஞ்சின் ஜெர்மனியிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் வந்தது. இஞ்சினைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, ஓர் ஆளைப் பழக்கிவிட்டுத் திரும்புவதற்காக அதனோடு இவர் வந்தார். மூன்று மாத வேலை. அவருடைய அம்மாவிடமும் மூன்று மாதம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாராம்.

மூன்றாம் மாதம் முடிந்து அவர் பெட்டி கட்டிய அன்று இஞ்சின் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கைக் காணோம். புதிதாக ஒன்று செய்து மாட்டினார். மறுபடி பெட்டி கட்டினார். மறுபடி இஞ்சின் நின்றது. மறுபடி அதே ஸ்பிரிங்.

மூன்றாம் தடவை காணாமல் போன ஸ்பிரிங், தேடாமலேயே ஒரு காலையில் இஞ்சின் மேல் இருந்தது. அவர் எடுத்து மோந்து பார்த்தாராம். பெருங்காய வாசனை. அந்த ஊரில் பெருங்காயம் கைமணக்கச் சமைக்கிற ஒரே வீடு மில் முதலாளி வீடு. அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். தாத்தா பெட்டியைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டார்.

இதில் எவ்வளவு உண்மை என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இன்றும் ஒரு துருப்பிடித்த ஸ்பிரிங் கிடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது அண்ணன் பிரித்துப்போட்ட ஏதோ ஒன்றின் ஸ்பிரிங்காகவும் இருக்கலாம்.

பெருச்சாளிக்கு ஜலதோஷம்

பிறகு பெரிய யுத்தம் வந்தது. வெள்ளைக்கார சர்க்காருக்கு ஜெர்மன்காரன் விரோதி. கண்ட இடத்தில் பிடித்து முகாமில் அடைத்தார்கள். தாத்தாவைத் தேடி ஒரு ஏட்டும் இரண்டு போலீசாரும் எங்கள் ஊருக்கு வந்தார்கள்.

ஊர் ஒன்றுகூடித் தாத்தாவை மறைத்தது. தேசபக்தியெல்லாம் இல்லை. அவரைக் கொண்டுபோய்விட்டால் இஞ்சினை ஓட்ட ஆள் கிடையாது. மறுபடி எல்லா வீட்டிலும் உலக்கை பிடிக்க வேண்டும். மில் வந்து இரண்டு வருஷத்தில் ஊரில் பாதிப்பேர் உலக்கையை விறகுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள்.

ஆறடி மனிதரை மடக்கிப் பத்தாயத்துக்குள், நெல்லுக்கு மேல் படுக்க வைத்து மூடினார்கள். நெல் சுணை சும்மா விடுமா? ஏட்டு கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது பத்தாயம் பலமாகத் தும்மியது.

"என்ன அது?" என்றார் ஏட்டு.

"பெருச்சாளிங்க" என்றார் மில் முதலாளி.

ஏட்டு பத்தாயத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்த ஊரில் நாலு மா நிலம். அந்த வாரம்தான் அவர் நெல் மூட்டைகள் எங்கள் மில்லில் வந்து இறங்கியிருந்தன. "பெருச்சாளிக்கு ஜலதோஷம்போல. கஷாயம் வச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். யுத்தம் முடியும்வரை பிறகு யாரும் வரவில்லை. ஆனால் தாத்தாவுக்கும் ஜெர்மனிக்கும் இருந்த கடிதப் போக்குவரத்து அதோடு அறுந்துபோனது.

பங்காளி வருகிறார்

வருஷங்கள் ஓடின. தாத்தா போனார், மில்லும் போனது. நானும் அண்ணனும் பிறப்பதற்கு முன்பே மில்லை இடித்து வயலாக்கிவிட்டார்கள். வயல் நடுவே தாத்தாவின் சமாதி மட்டும் நின்றது. அண்ணன் தலையெடுத்ததும் அதற்குத் தகரக்கூரை போட்டார், மேலே டைல்ஸ் ஒட்டினார். அமாவாசைக்கு விளக்கு. மாளய அமாவாசைக்குப் பன் ரொட்டி, ஆட்டுக்கறிக் குழம்போடு படையல். நடவு தொடங்கும்போது முதல் நாற்று முடி அவர் காலடியில்தான் வைக்கப்படும்.

ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துப் போடுகிற ஒருவர் போன வருஷம் இதை வீடியோ எடுத்து உலகத்துக்குக் காட்டிவிட்டார். அதை ஜெர்மனியில் உல்ரிக்கே பார்த்திருக்கிறார். வீடியோக்காரரிடம் கேட்டு என் நம்பரை வாங்கி ஒருநாள் போன் செய்தார். எழுபது வயது, கல்யாணம் ஆகாதவர், தொழிற்பள்ளியில் லேத் வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் தாத்தா யோஹனும் அவர் தாத்தாவும் உடன்பிறந்த அண்ணன் தம்பிகள். ஒரு வாரம் வந்து போகலாமா என்று கேட்டார்.

குடும்பத்தில் ஆங்கிலம் பேசுகிறவள் நான்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பேசிய ஆங்கிலம். 'லைன் பிஸி', 'த்ரீ மினிட்ஸ் ஓவர்' என்பதற்கு அப்பாலும் கொஞ்சம் வரும். எனவே மொழிபெயர்ப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

செய்தியைச் சொன்னதும் அண்ணன் விரல்விட்டு உறவைக் கணக்குப் பார்த்தார். "தாத்தாவோட தம்பி மகனோட மக. அப்பன் வழி." அவர் முகம் மாறிவிட்டது. "பாப்பா, அப்படின்னா பங்காளி!"

எங்கள் பக்கத்தில் பங்காளிக்கு இரண்டு வேலை. சாவு விழுந்தால் தீட்டுக் காப்பது ஒன்று, சொத்தில் பங்கு கேட்பது மற்றொன்று. உல்ரிக்கே வீட்டில் சாவு எதுவும் விழவில்லை. பிறகு எதற்காக நூறு வருஷம் கழித்து ஒரு பங்காளி கடல் தாண்டி வருகிறார்?

"பொம்பளைக்கும் பங்கு உண்டுன்னு சட்டமே வந்துடுச்சு" என்று ஆரம்பித்த அண்ணன், என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் இதுவரை என் பங்கைக் கேட்டதில்லை. கேட்கமாட்டேன் என்றும் சொன்னதில்லை. அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிற பாசத்தில் அந்தப் பயமும் ஒரு சிட்டிகை உண்டு என்பது என் கணிப்பு.

உல்ரிக்கே வருவதற்கு முதல் நாள் பத்திரக் கட்டு முழுவதும் அண்ணியின் உளுந்து டின்னுக்குள் போய்விட்டது. "மொத்தம் எத்தன மான்னு கேட்டா, எல்லாம் வாய்க்கால் புறம்போக்குன்னு சொல்லிடு" என்று எனக்கு உத்தரவு.

கல்லறைக்குக் குத்தகை

உல்ரிக்கே வந்து இறங்கினார். ஒல்லி, உயரம், குட்டை முடி, பெரிய கால். அண்ணன் முதலில் பார்த்தது மூக்கைத்தான். பார்த்துவிட்டுத் தன் மூக்கைத் தடவிக்கொண்டார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

மத்தியானம் சோறு போட்டோம். உல்ரிக்கே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "பாரு, வெளைச்சல் எப்படின்னு ருசி பாக்குறாங்க" என்றார் அண்ணன். "எதாவது சொல்றாங்களா?"

"சோறு நல்லாருக்காம்."

"அதான் பாத்தேன்."

சாப்பிட்டு முடித்தபின் உல்ரிக்கே தான் வந்த காரியத்தைச் சொன்னார். சின்ன வார்த்தைகளாகத் தேர்ந்து, எனக்குப் புரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

தாத்தாவின் அம்மா அங்கே அவர்கள் ஊர்க் கல்லறையில் கிடக்கிறார். மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்ன மகன் வராததற்காகக் கடைசிவரை கப்பல் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருந்து செத்துப்போனாராம். அந்த ஊரில் கல்லறை இடம் யாருக்கும் சொந்தமில்லை. குத்தகைதான். கெடு முடிந்தால் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டு நீட்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இத்தனை நாள் உல்ரிக்கே கையெழுத்துப் போட்டு வந்தார். இன்னும் இரண்டு வருஷத்தில் கெடு முடிகிறது. அவருக்கு மூட்டு வலி, முன்போல அடிக்கடி கல்லறைக்குப் போய்வர முடியவில்லை. அவருக்குப் பின்னால் ஆள் இல்லை.

"கல்லை எடுப்பதற்கு முன்னால் மகனை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்" என்றார். "அவர் கல்லறையிலிருந்து ஒரு பிடி மண். இரண்டு வருஷமாவது சேர்ந்து இருக்கட்டும்."

கைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் காட்டினார். பிஸ்கட் டப்பா. விமானத்தில் மண் கொண்டுபோகக் கூடாதாம். ஆள் இல்லாத சாலையில் சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாத அந்த மனுஷி, இந்த ஒரு டப்பாவுக்காகக் கடத்தல்காரியாகத் துணிந்து வந்திருந்தார்.

அண்ணனுக்கு மொழிபெயர்த்தேன். அவர் வேறு இடத்தில் நின்றுவிட்டார்.

"கல்லறைக்குக் குத்தகையா? குத்தகை முடிஞ்சா பொணத்தைக் கிளப்பிடுவாங்களா? இங்க உயிரோட இருக்குற குத்தகைக்காரனையே கிளப்ப முடியலயே பாப்பா!"

"ஒரு பிடி மண்ணுதான் கேக்குறாங்கண்ணே."

"மண்ணுன்னுதான் ஆரம்பிப்பாங்க."

டேப் சொன்ன செய்தி

இனி நான் வயலுக்குத் திரும்புகிறேன்.

அளந்து முடித்த உல்ரிக்கே எழுந்து, என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "மல்லிகா, இது கல்லறை இல்லை" என்றார். "இது இஞ்சின் உட்காருகிற பீடம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் காட்டினார். நான்கு மூலையிலும் நிற்பவை இஞ்சினைப் பிடித்துக்கொள்கிற போல்ட்டுகள். பக்கத்துப் பள்ளம், சக்கரம் சுற்றுவதற்கு. ஓரமாக ஓடுகிற காடி, வழிகிற எண்ணெயை வெளியே கொண்டுபோவதற்கு. போல்ட்டின் மரை தேயவே இல்லை என்பதால் இதில் எந்த இஞ்சினும் ஏறவில்லை என்று சொன்னார். மில்லை விஸ்தரிக்க இரண்டாவதாக ஒரு பெரிய இஞ்சின் வரவழைக்கத் தாத்தா ஏற்பாடு செய்ததாகவும், அது வரவே இல்லை என்றும் நானே கேள்விப்பட்டிருக்கிறேன்.

அந்தக் காடியை நாங்கள் தீர்த்தக் கால் என்போம். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு அதில் நிற்கிற மழைத்தண்ணீரை ஒரு கரண்டி கொடுப்பார்கள். நானே சின்ன வயதில் குடித்திருக்கிறேன். காய்ச்சலும் விட்டிருக்கிறது.

"அப்படியானால் அவர் எங்கே?" என்றார் உல்ரிக்கே. மறுநாள் மாலை அவருக்கு விமானம்.

"என்னவாம்? எத்தன சென்ட்டுன்னு சொல்றாங்க?" என்று வரப்பிலிருந்து கத்தினார் அண்ணன்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வெறுங்காலோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். என் அண்ணனை நான் எவ்வளவு கேலி செய்து எழுதினாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர் வராமல் குறுவை கருகின வருஷமெல்லாம் அவர் யாரிடமும் புலம்பாமல் இங்கே வந்துதான் உட்கார்ந்திருப்பார். அவர் மகள் பிரசவத்தில் பிழைப்பாளா என்று இருந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வராமல் இந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவரிடம் போய், நீங்கள் கும்பிட்டது ஒரு மெஷின் மேடை என்று எப்படிச் சொல்வது?

"கட்டுமானம் ரொம்ப உறுதியாம்" என்றேன். அது பொய்யில்லை. உல்ரிக்கே அதையும் சொன்னார்.

"பின்னே? ஜெர்மன்காரரு சமாதில்ல" என்றார் அண்ணன்.

தாத்தா எங்கே என்று எனக்கும் தெரியாது என்று உல்ரிக்கேயிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். என் மேல் கோபப்படவில்லை. பரவாயில்லை என்றார். பிஸ்கட் டப்பாவைத் திறக்காமலே கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே நின்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அண்ணி மோர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "ஏன் மல்லிகா, அந்தம்மா அழுவுறாங்க? என்னத்த சொன்னே நீ?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நான் ஒண்ணும் சொல்லல. அண்ணே, இது சமாதியே இல்லயாம். இஞ்சின் வைக்குற மேடையாம். உள்ள தாத்தா இல்லயாம்!" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அண்ணன் விழுவார் என்று நினைத்துக் கையைக்கூட நீட்டிவிட்டேன்.

"அது தெரியும்" என்றார் அண்ணன்.

ஐப்பசி வெள்ளம்

எங்கள் அப்பா சாகும் முன் அண்ணனிடம் மட்டும் சொல்லிப்போன கதை இது.

தாத்தா இறந்தது ஓர் ஐப்பசி அடைமழையில். கரை உடைந்து ஊரே ஏரியாகிவிட்டது. அப்பாவும், மில்லில் வேலைபார்த்த மூன்று பேரும் தாத்தாவின் உடம்போடு மில்லில் மாட்டிக்கொண்டார்கள். புதைக்க மண் இல்லை, எங்கும் தண்ணீர். மூன்றாம் நாள் வேறு வழியில்லை என்று ஆனது. நாலு பக்கமும் நனையாமல் உயரமாக நின்றது, கூரைக்கு அடியில் இரண்டாவது இஞ்சினுக்காகத் தாத்தா கட்டி வைத்திருந்த மேடை ஒன்றுதான். எரிக்கக் காய்ந்திருந்தது மில்லின் உமி. அதில் கிடத்தி, அம்பாரமாக உமியைக் கொட்டி எரித்தார்கள்.

மில்லில் பிணம் எரித்தது வெளியே தெரிந்தால் ஒருவனும் அங்கே நெல் அரைக்க வரமாட்டான். எனவே கரையில் புதைத்துவிட்டோம் என்று ஊருக்குச் சொன்னார்கள். மில்லை இடித்த பிறகு அப்பா அந்த மேடையில் விளக்கு வைத்தார். கரையை மறந்துவிட்டு ஊர் தானாகவே அதைச் சமாதி ஆக்கிக்கொண்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். அறுபத்தாறு வயதில் எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

"பாப்பா பயந்துக்கும்னு சொன்னாரு."

"எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசுண்ணே!"

"சரி, சாம்பல்? சாம்பல் என்னாச்சு?" என்று கேட்டது அண்ணி.

"வெள்ளம் உள்ள வந்து அடிச்சுட்டுப் போயிடுச்சு. வடிஞ்சப்ப எல்லாம் வயலோட போச்சு." அண்ணன் கையை வீசிச் சுற்றிலும் காட்டினார். "இந்தப் பன்னெண்டு மாவும் அவருதான். அடுத்த வருஷம் மகசூல் அப்படி ஒரு மகசூலாம். அப்பாவே சொன்னாரு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப இத்தன வருஷமா நாம வடிச்சுத் தின்னது?"

வெயிலில் எங்கள் நாலு பேருக்கும் நடுவே அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்குத் தமிழில், ஒருவருக்கு நான் சொல்லக் காத்திருந்த மொழியில்.

உல்ரிக்கேவுக்கு முழுவதையும் சொன்னேன். எக்ஸ்சேஞ்ச் ஆங்கிலத்தில் உமிக்கும் வெள்ளத்துக்கும் வார்த்தை இல்லை. கையால் நடித்துக் காட்டினேன். அண்ணி கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் வயலைப் பார்த்தார். பிறகு, "நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்ததில் யாருக்கு மூக்கு ஒழுகியது என்று எழுதமாட்டேன்.

பங்கு கேட்டவர்

உல்ரிக்கே டப்பாவைத் திறந்து, காலடியில் குனிந்தார்.

"அங்க வேணாம், அங்க வேணாம்! அது களி" என்று அண்ணன் பாய்ந்து இறங்கினார். மடையோரமாகப் போய், உளுந்துச் செடியில் கால்படாமல் உட்கார்ந்து, நல்ல வண்டலாகப் பார்த்துக் கையாலேயே கிளறினார். கட்டியை விரலால் நசுக்கினார். தாளும் வேரும் பொறுக்கிப் போட்டார். டப்பாவை நிறைத்து, உள்ளங்கையால் அமுக்கி, மறுபடி நிறைத்தார்.

"இது ரொம்பச் சின்னதா இருக்கு. உரச் சாக்கு ஒண்ணு கொண்டாரவான்னு கேளு."

ஒரு சென்ட் போய்விடுமோ என்று வாரம் முழுக்கத் தூங்காதவர் இதைச் சொன்னார். விமான நிறுவனம் சம்மதிக்காது என்று சொல்லித் தடுத்தோம். டப்பாவுக்குப் பிறகு வழியில் என்ன ஆனது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பத்திரிகையைச் சுங்க இலாகாவிலும் படிக்கிறார்கள்.

கையை வாய்க்காலில் கழுவிவிட்டு வந்த அண்ணன், துண்டால் துடைத்துக்கொண்டே, "அந்தக் குத்தகையை வாங்கிக்கிட்டா என்னென்ன செய்யணும்னு கேளு" என்றார்.

கேட்டேன். கல்லறைமேல் பருவத்துக்கு ஏற்றாற்போல் பூச்செடி நட வேண்டும், களை எடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். தன்னால் முடியாதபோது ஊர்த் தோட்டக்காரரிடம் சொல்லிச் செய்கிறார் என்றும், கையெழுத்துப் போடத்தான் குடும்பத்தில் ஆள் வேண்டும் என்றும் உல்ரிக்கே சொன்னார்.

"நடவு, களை, தண்ணி. அவ்வளவுதானே?" அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னைப் பார்க்காமல், நேராக உல்ரிக்கேயைப் பார்த்துக் கேட்டார். "நாங்க பங்காளி. அந்த எடத்துல எங்களுக்கும் பங்கு உண்டான்னு கேளு, பாப்பா."

நான் சொன்னேன். உல்ரிக்கே டப்பாவை அழுத்தி மூடினார். அதை இடுக்கிக்கொண்டு, மண் படிந்திருந்த வலது கையை நீட்டினார். கல்யாண வீட்டில் சம்பந்தி கையைப் பிடிப்பதுபோல அண்ணன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஆடி மாதம் தபாலில் முத்திரை போட்ட காகிதம் ஒன்று வந்தது. நாலடிக்கு எட்டடி, குத்தகை உரிமை, பெயர் செல்வராசு. அண்ணன் அதை வலங்கைமானில் கொடுத்து லேமினேட் செய்து, உளுந்து டின்னிலிருந்து வெளியே வந்துவிட்ட பத்திரக் கட்டில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறார். டீக்கடையில் வெளிநாட்டில் நமக்கு இடம் இருக்கிறது என்கிறாராம். எவ்வளவு இடம் என்று சொல்வதில்லை.

இன்று காலை இதை எழுத உட்கார்ந்தபோது போன் வந்தது.

"பாப்பா, அந்தம்மாவுக்குப் போன் போட்டு அங்க மழை உண்டான்னு கேளு" என்றார் அண்ணன். "அம்மாவும் புள்ளையும் எப்படி இருக்காங்கன்னும் கேட்டுக்க."